புரியாமல் ஒப்பிக்கும் செபம்: இது படிப்பா, கிளிப்பேச்சா?

கேள்வி (2024 செப்டம்பர் 11, காலை)

என் மகள் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு. நாங்கள் கத்தோலிக்கர் அல்ல. நல்ல பள்ளி என்று நாலு பேர் சொன்னதால் சேர்த்தோம். மூன்று மாதத்தில் மூன்று செபங்களைக் கடகடவென்று ஒப்பிக்கிறாள். ஒரு வரியில் நிறுத்தி "இதற்கு என்ன அர்த்தம்?" என்றால் முழிக்கிறாள். புரியாததை மனப்பாடம் செய்ய வைப்பதை எப்படிப் படிப்பு என்பது? அங்கே வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் மழுப்பாமல் சொல்லுங்கள்.

2024 செப்டம்பர் 11, இரவு

நான் அங்கே வேலை பார்ப்பவள்தான். உங்கள் பள்ளி இல்லை, இன்னொன்று. 19 வருடம், அதில் 14 வருடம் இரண்டாம் வகுப்பு. மழுப்பாமல் சொல்கிறேன்: ஆமாம், புரியாமல்தான் ஒப்பிக்கிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது முதலில் நாக்கில் ஏறுகிறது. ஏன் ஐம்பத்தாறு என்பது பிறகு ஒருநாள் தலையில் ஏறுகிறது. தாலாட்டுக்கு அர்த்தம் கேட்டுவிட்டா தூங்கினோம்? ஏழு வயது நாக்கு எதையும் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டது அப்படியே கிடக்கும், வேண்டிய நாளில் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. சாப்பிடும் நேரத்தில் உட்கார வைத்துக் குறுக்கு விசாரணை செய்தால் எந்தப் பிள்ளையும் முழிக்கும். உங்கள் நாட்டுப் பண்ணின் மூன்றாவது வரிக்கு அர்த்தம் சொல்லுங்கள் பார்ப்போம், ஏட்டைப் பார்க்காமல்.

2024 செப்டம்பர் 12, காலை

நேற்று ராத்திரி ரொம்ப மிடுக்காக எழுதிவிட்டேன். படுத்தபின் தூக்கம் வரவில்லை. காரணம், ஆச்சி.

சில வருடம் முன்பு என் வகுப்பில் ஒரு பையன். காலைச் செபத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நல்ல சத்தமாகச் சொல்லுவான். அவனைத்தான் எல்லோருக்கும் உதாரணம் காட்டுவேன். ஒருநாள் "விண்ணுலகில் இருக்கிற" செபத்தைப் பார்க்காமல் எழுதச் சொன்னேன். அவன் நோட்டில் அழகான எழுத்தில் இப்படி இருந்தது: "உமது ஆச்சி வருக."

ஆட்சி இல்லை. ஆச்சி.

கூப்பிட்டுக் கேட்டேன். தயங்காமல் சொன்னான்: கடவுளுக்கும் ஒரு ஆச்சி இருக்கிறார், அவர் வருவார். எப்போது வருவார் என்று அவனுக்குத் தெரியாது. அதனால்தான் தினமும் கேட்கிறோம்.

மாதக்கணக்கில் என் காதில் விழாத தப்பு இது. நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லும்போது ஆட்சியும் ஆச்சியும் ஒன்றாகத்தான் கேட்கும். நான் கேட்டது செபத்தை இல்லை, சத்தத்தை. நேற்று நான் சொன்ன "பிறகு தலையில் ஏறும்" எல்லாம் சரிதான், ஆனால் நாக்கில் ஏறியது சரியான சொல்லாக இருந்தால்தானே?

2024 செப்டம்பர் 12, மாலை

திருத்தம். பக்கத்து வகுப்பு டீச்சரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அது பையன் இல்லை, பொண்ணு. என் வகுப்பிலிருந்து உங்களிடம் வந்தவள். அவள் 'அருள் நிறைந்த மரியே'யிலும் அப்படித்தான் சொல்லுவாள்" என்றார்.

எப்படி?

"பெண்களுக்குள் ஆச்சி பெற்றவர் நீரே."

ஆசி பெற்றவர். ஆச்சி பெற்றவர். ஒரு விஷயம் ஒத்துக்கொள்ள வேண்டும், அவள் கணக்கில் எதுவும் முரண்படவில்லை. கடவுளுக்கு ஆச்சி உண்டு, மாதாவுக்கும் ஆச்சி உண்டு. ஒரு முழு இறையியலே கட்டிவிட்டாள், நாங்கள்தான் கவனிக்கவில்லை.

கண்ணை இறுக்கி மூடிய பையன் வேறு ஒருவன் போல. என் நினைவில் இரண்டு பிள்ளைகள் ஒன்றாகிவிட்டார்கள். 14 வருட இரண்டாம் வகுப்பு அப்படித்தான், முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

2024 செப்டம்பர் 15

கீழே ஒருவர் "இதெல்லாம் சின்னப் பிள்ளைகளின் மழலை, பெரிதுபடுத்தாதீர்கள்" என்று எழுதியிருக்கிறார். சரி, மழலை அல்லாத ஒன்று சொல்கிறேன்.

பரீட்சை நாள் காலையில் எங்கள் பள்ளிச் செபம் மற்ற நாளைவிட இரண்டு மடங்கு சத்தமாக இருக்கும். அதிலும் ஒரு வரி கூரையைத் தொடும்: "எங்களைச் சோதனைக்கு உட்படுத்தாதேயும்." செபத்தில் சோதனை என்றால் பாவத்துக்கு இழுக்கும் தூண்டுதல். அவர்களுக்கோ சோதனை என்றால் பரீட்சை. கடவுளிடம் நேரடியாக மனு கொடுக்கிறார்கள். இதையும் பல வருடம் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

ஒருமுறை ஒரு பிள்ளை கேட்டது: "டீச்சர், சோதனை வைக்கிறது யாரு? கடவுளா?" பரீட்சையைக் கேட்கிறதா, அந்தச் சோதனையையா என்று எனக்கே தெரியவில்லை. "போய் உட்காரு" என்றேன்.

பிறகு 2017 டிசம்பரில் திருத்தந்தை (போப்) பிரான்சிஸ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் இதே வரியைப் பற்றிப் பேசினார். சோதனைக்குள் நம்மைத் தள்ளிவிடுவது கடவுள் இல்லை, தந்தை அப்படிச் செய்ய மாட்டார், ஆகவே அப்படிப் பொருள்படும் மொழிபெயர்ப்பு நல்லதல்ல என்பது அவர் சொன்னதன் சாரம். பிரெஞ்சில் அந்த வரி அதே மாதத் தொடக்கத்தில் மாறியிருந்தது. இத்தாலியத் திருப்பலியில் (பூசையில்) 2020இல் மாறியது.

நான் "போய் உட்காரு" என்று சொன்ன கேள்விக்குப் பெரிய பெரிய ஆட்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

2024 செப்டம்பர் 16

வீட்டுப் பாட்டி சொல்லிக்கொடுக்கும் செபத்துக்கும் பள்ளிச் செபத்துக்கும் வித்தியாசம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கும். பாட்டிமார் சொல்லுவது பழைய பாடம்: "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே." பள்ளியில் "அருள் நிறைந்த மரியே வாழ்க, ஆண்டவர் உம்முடனே." பிரியதத்தம் என்றால் பிரியத்தோடு தந்தது, அதாவது அருள். இரண்டும் ஒன்றேதான்.

நான் சின்னவளாக இருந்தபோது பழைய பாடத்தில்தான் கற்றேன். பத்து வயது வரை அதை "பிரிய தாத்தாவினாலே" என்றுதான் சொன்னேன். பிரியமான தாத்தா ஒருவர் மாதாவைப் பூரணமாக்கினார். யார் அந்தத் தாத்தா என்று யாரையும் கேட்டதில்லை. மாதாவின் அப்பா சுவக்கீன் என்று யாரோ சொன்னதும், "ஓ, இயேசுவுக்கு அவர்தானே தாத்தா" என்று நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

ஆச்சி சொன்ன பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன தகுதி?

2024 அக்டோபர் 3

கேள்வி கேட்ட அம்மா மறுபடி எழுதியிருக்கிறார். "செபத்தை விடுங்கள். நாள் முழுக்க அங்கே என்னதான் நடக்கிறது? மதபாடம் எவ்வளவு நேரம்?"

மறைக்கல்வி ஒரு பாடவேளை. அந்த நேரத்தில் கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு. மற்றபடி கணக்கு கணக்குதான், மொழி மொழிதான். கூட்டலில் திருச்சபைக்கென்று தனி விடை கிடையாது. ஆனால் பாடவேளையை வைத்து அளந்தால் தப்பாகத்தான் வரும். காலையில் ஒரு செபம், சாப்பாட்டுக்கு முன் ஒன்று, வீட்டுக்குப் போகும்போது ஒன்று. நடுவில் மணி அடித்தால் ஒரு நிமிடம் மௌனம். நேற்று காவல் தூதர் திருவிழா, அதற்காக ஒரு பாட்டு. யாராவது ஒரு பிள்ளையின் தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அன்று காலை அந்தத் தம்பி பெயர் செபத்தில் வரும். மறுநாள் காய்ச்சல் விட்டதா என்று நாற்பது பேரும் விசாரிப்பார்கள். உங்கள் பெண் வீட்டுக்குக் கொண்டு வருவது இந்தப் பழக்கங்களைத்தான். செப வரிகள் அதன் மேல் ஒட்டிக்கொண்டு வருபவை.

மணி அடித்ததும் நின்று மௌனம் என்ற வழக்கத்தின் வேர் ரொம்பத் தூரம் போகிறது. பிரான்சில் ரேன்ஸ் நகரத்தில் 1651இல் பிறந்த ஜான் பாப்திஸ்து தெ லசால் என்ற குரு நடத்திய பள்ளிகளில் மணிக்கு ஒருமுறையும் அரைமணிக்கு ஒருமுறையும் ஒரு மாணவன் மணி அடிப்பான். எல்லோரும் வேலையை நிறுத்தி, இறைவன் முன்னிலையில் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, பிறகு தொடருவார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு வகுப்பு பிரித்து இலவசமாகக் கற்பித்த முதல் ஆள் அவர்தான்.

2024 அக்டோபர் 4

"முதல் ஆள்" என்று எழுதியது தப்பு. எங்கள் பள்ளி சிஸ்டர் படித்துவிட்டு உடனே பிடித்துக்கொண்டார். ஜோசப் கலசான்ஸ் என்ற குரு 1597இலேயே ரோமில் திராஸ்தெவெரே பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்துவிட்டார், லசால் பிறப்பதற்கு 54 வருடம் முன்பே.

லசால் செய்ததில் எனக்குப் பிடித்தது வேறு. அந்தக் காலத்துப் பள்ளிகளில் லத்தீனில்தான் முதலில் எழுத்துக்கூட்டக் கற்பிப்பார்கள். பிள்ளைக்கு லத்தீன் ஒரு சொல் தெரியாது. லசால் அதை மாற்றி, பேசுகிற மொழியிலேயே வாசிப்பைத் தொடங்கினார். புரியாத மொழியில் வாசிக்கப் படிப்பது வீண், கொஞ்ச நாள் மட்டுமே பள்ளிக்கு வரக்கூடிய ஏழைப் பிள்ளைக்கு அதற்கு நேரமும் இல்லை என்பது அவர் வாதம்.

எழுதும்போதே உறைக்கிறது. ஆசிரியர்களின் பாதுகாவலரான புனிதர் என்று 1950இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் அறிவித்தது இவரைத்தான். கேள்வி கேட்ட அம்மாவின் பக்கம் நிற்கிறார் எங்கள் பாதுகாவலர்.

2024 அக்டோபர் 4, இரவு

முழுசாக அவர் பக்கமும் இல்லை, பாருங்கள். லசால் பள்ளியிலும் செபங்கள் மனப்பாடம்தான். ஆனால் மறைக்கல்வி நேரத்தில் ஆசிரியர் பிரசங்கம் செய்யக் கூடாது. கேள்வி, அதிலிருந்து குட்டிக் கேள்வி என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவர்கள் பள்ளி நடத்தும் முறையைப் பற்றிய கையேட்டில் இது இருக்கிறது. அவர் இறந்த மறு வருடம், 1720இல், அச்சில் வந்த கையேடு. ஒப்பிக்கவும் வேண்டும், கேட்கவும் வேண்டும். நான் முதல் பாதியை மட்டும் 14 வருடம் செய்திருக்கிறேன்.

2024 அக்டோபர் 9

"அடிப்பார்களா?" என்று ஒற்றை வார்த்தையில் ஒருவர் கேட்டிருக்கிறார்.

நான் படித்த பள்ளியில் அடித்தார்கள். பெயர் வேண்டாம். விசுவாசப் பிரமாணத்தில், அதாவது எதையெல்லாம் நம்புகிறோம் என்று சொல்லும் செபத்தில், "பொந்தியு பிலாத்து" இடத்தில் தடுக்கிவிட்டால் அளவுகோலால் விரல் முட்டியில் ஒன்று விழும். அதனால் இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிய அந்தப் பிலாத்து மேல் எனக்கு வந்த கோபம் வேதாகமக் காரணத்தால் வந்தது இல்லை.

அதே லசால் கையேட்டில் ஆசிரியர் அதிகம் பேசாமல் இருக்க "சிக்னல்" என்று ஒரு சிறு கருவி உண்டு. அதைத் தட்டினால் நிறுத்து, திரும்பப் படி என்று குறிப்பு. கத்தாமல் வகுப்பை நடத்துவதற்காக. பிரம்பும் அந்தக் காலத்தில் ஒழிந்துவிடவில்லை, ஆனால் அதற்குக் கடிவாளம் போடப் பார்த்தார்கள். இத்தாலியில் ஏழைச் சிறுவர்களுக்காக உழைத்த குரு தொன் போஸ்கோ 1877இல் எழுதிய தடுப்பு முறை இன்னும் ஒரு படி மேலே: பகுத்தறிவு, மறை, கனிவு. தப்பு நடந்தபின் தண்டிப்பதைவிட நடக்காதபடி கூடவே இருப்பது. விளையாட்டு நேரத்தில் ஆசிரியர் ஓய்வறையில் இல்லாமல் மைதானத்தில் இருக்க வேண்டும் என்பது அங்கிருந்து வந்ததுதான். வெயிலில் நின்று பாருங்கள், அதன் புனிதம் புரியும்.

நான் அடித்ததில்லை. ஆனால் ஒன்று செய்திருக்கிறேன். விசுவாசப் பிரமாணம் சொல்லத் தெரியாத ஒரு பிள்ளையைப் பாடவேளை முழுவதும் நிற்க வைத்தேன். மணி அடித்தபிறகு பக்கத்து இருக்கைப் பிள்ளை வந்து சொன்னது: "டீச்சர், அவன் வேற சாமி. வந்தே ரெண்டு வாரம்தான் ஆச்சு." நன்னெறி வகுப்புக்குப் போயிருக்க வேண்டியவன். எங்கே போவது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. நானும் பதிவேட்டைப் பார்க்கவில்லை. அவன் தெரியாது என்றுகூடச் சொல்லவில்லை, தான் ஏதோ தப்பு செய்ததாகவே நினைத்து நின்றிருக்கிறான்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல டீச்சர், எனக்கு இப்ப பாதி தெரியும்" என்றான். நின்ற நேரத்தில் மற்றவர்கள் சொன்னதைக் கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறான். சிலர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2024 அக்டோபர் 10

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, கேள்வி கேட்ட அம்மா பயந்துபோய் எழுதியிருக்கிறார். அப்படியானால் தன் மகளையும் கட்டாயப்படுத்துவார்களா?

கட்டாயப்படுத்தக் கூடாது. எங்கள் கனிவைப் பொறுத்த விஷயமில்லை இது, சட்டம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எண் 748: மனச்சான்றுக்கு எதிராக யாரையும் கத்தோலிக்க விசுவாசத்தைத் தழுவக் கட்டாயப்படுத்த ஒருபோதும் அனுமதி இல்லை. அதே தொகுப்பில் 796 ஆசிரியர்களுக்குச் சொல்வது: பெற்றோரோடு நெருங்கி ஒத்துழைக்க வேண்டும், அவர்கள் சொல்வதை மனமுவந்து கேட்க வேண்டும். ஆகவே போய்க் கேளுங்கள். "காலைச் செபத்தில் என் பெண் சும்மா நிற்கலாமா?" என்று கேட்டால் "நிற்கலாம்" என்பதுதான் பதில். பெரும்பாலும் பிள்ளைகள்தான் சும்மா நிற்க மாட்டார்கள். கூட இருப்பவர்கள் சொல்வதைச் சொல்லாமல் இருப்பது ஏழு வயதில் பெரிய தவம்.

2024 நவம்பர் 6

நவம்பர் இறந்தவர்களுக்கான மாதம். வகுப்பின் ஓரத்தில் ஒரு தாள் ஒட்டி, பிள்ளைகள் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரை எழுதுவார்கள். தாத்தா, பாட்டி, ஒரு பெரியப்பா. காலையில் அந்தப் பெயர்களை வாசித்துச் செபிப்போம்.

இந்த வருடம் ஒரு பையன் அப்பா பெயரை எழுதினான். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. மூன்று நாள் அந்தப் பெயரைத் தனியாக அழுத்தி வாசித்தேன். நாலாம் நாள் அம்மா அழைத்துப்போக வந்தபோது மெதுவாக ஆறுதல் சொன்னேன். அவர் முகம் மாறியது. அப்பா உயிரோடு இருக்கிறார். வேறு ஊரில், வேறு வீட்டில்.

வீட்டில் பெரியவர்கள் "அவர் போயிட்டார்" என்று பேசிக்கொண்டதைப் பையன் கேட்டிருக்கிறான். தாத்தாவைப் பற்றியும் "போயிட்டார்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். அவன் இரண்டு பேரையும் ஒரே தாளில் எழுதிவிட்டான்.

ஆச்சி, தாத்தா என்று சிரித்துக்கொண்டிருந்தேன் மேலே. இது அதே தப்புதான்.

அந்தப் பெயரை அடிக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டினேன்: "தூரத்தில் இருப்பவர்கள்." பெயரை அங்கே அவனே மாற்றி எழுதினான். மறுநாள் பார்த்தால் அந்தத் தாளில் பதினோரு பெயர்.

2024 டிசம்பர் 3

வேலை அதிகம், சுருக்கமாக. திருவருகைக் கால (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுகளின்) வளையம் வைத்தாயிற்று. மூன்று ஊதா மெழுகுதிரி, ஒன்று ரோஜா நிறம். ரோஜா நிறத்தை ஏற்றுவது யார் என்பதில் அடிதடி. அதை மூன்றாவது ஞாயிறுதான் ஏற்ற வேண்டும், மகிழ்ச்சி ஞாயிறு என்று விளக்கினேன். "அப்ப மத்த ஞாயிறு சோகமா டீச்சர்?" இதற்கும் "போய் உட்காரு" என்றே வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். காத்திருக்கும் ஞாயிறு என்றேன். திருப்தி இல்லை, இருந்தாலும் உட்கார்ந்தது.

2025 ஜனவரி 20

திருப்பலியில் பிள்ளைகள் வாயே திறக்கக் கூடாதா என்று கேட்டவருக்கு: 1973இல் ரோம் வெளியிட்ட சிறுவர் திருப்பலி வழிகாட்டி, மறையுரையை (பிரசங்கத்தை) சில நேரம் உரையாடலாகவே நடத்தலாம் என்கிறது. பிள்ளைகளின் மனநிலைக்கு ஏற்பப் பேசுவது குருவுக்குக் கடினம் என்றால், நற்செய்திக்குப் பின் பெரியவர் ஒருவர் பேசவும் இடம் உண்டு. அடுத்த வருடம் சிறுவர்களுக்கென்று மூன்று நற்கருணை மன்றாட்டுகளே (திருப்பலியின் நடுப்பகுதியில் குரு சொல்லும் செபம்) வந்தன.

எங்கள் ஃபாதர் நன்றாகக் கேள்வி கேட்பார். ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த பகுதி அன்று. "இயேசு முதலில் என்ன செய்தார்?" அப்பம், மீன், நன்றி செலுத்தினார் என்று எதிர்பார்த்து நிற்கிறார். முன்வரிசையில் ஒரு குரல்: "எல்லாரையும் உட்காரச் சொன்னார்."

யோவான் 6:10ஐ எடுத்துப் பாருங்கள். அப்பத்தை எடுப்பதற்கு முன் மக்களை அமரச் செய்யத்தான் சொல்கிறார். 14 வருடம் அதே வாக்கியத்தைத் தினமும் நாற்பது முறை சொல்பவளுக்கு அது எவ்வளவு ஆறுதல்!

2025 மார்ச் 9

சாம்பல் புதன் முடிந்தது. இப்போது முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு, ஆயத்தம். பட்டியல் எழுதும் நாள் வருடத்திலேயே எனக்கு மிகப் பிடித்த நாள்.

ஏழு வயதில் பாவத்துக்குப் பஞ்சம். யோசித்து யோசித்துப் பார்க்கிறார்கள். தம்பியைக் கிள்ளினேன். பொய் சொன்னேன். அப்புறம்? ஒரு பையன் பென்சிலைக் கடித்துக்கொண்டே இருந்தவன், மெல்லப் பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்க ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து நின்றாள்: "டீச்சர், என் பாவத்தை இவன் காப்பியடிக்கிறான்!"

வகுப்பு அமைதியானது. அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து எழுதினான்: "காப்பியடித்தேன்." அவனுக்கென்று சொந்தமாக ஒன்று கிடைத்துவிட்டது.

எழுதிய தாளை நான் பார்ப்பதில்லை, அவன் காட்டினான். மற்றவர்கள் மடித்துவைத்துக்கொண்டு, முடிந்ததும் கிழித்துப் போடுவார்கள்.

ஏழு வயதில் இது தேவையா என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் இதை அடுத்து வரும் புதுநன்மைக்கு, அதாவது திருப்பலியில் தரும் அப்பமான நற்கருணையை முதன்முதலில் வாங்குவதற்கு, பத்து, பன்னிரண்டு, சில இடங்களில் பதினாலு வயது வரை காக்க வைத்தார்கள். 1910 ஆகஸ்ட் 8 அன்று திருத்தந்தை 10ஆம் பயஸ் ஆணை வெளியிட்டு, பகுத்தறியத் தொடங்கும் வயது, ஏறத்தாழ ஏழு, போதும் என்றார். பிள்ளைக்கு முழு மறைக்கல்வியும் தெரிய வேண்டியதில்லை. தன் அளவுக்கு அடிப்படை விஷயங்கள் புரிந்து, நற்கருணைக்கும் சாதாரண அப்பத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும். அங்கேயும் அளவுகோல் மனப்பாடம் இல்லை. இந்த இழையில் நான் மேற்கோள் காட்டும் எல்லோரும் எனக்கு எதிராகவே சாட்சி சொல்கிறார்கள்.

2025 மே 10

திருத்தந்தை பிரான்சிஸ் ஏப்ரல் 21 அன்று இறந்தபோது புதுநன்மை வகுப்பில் ஒரே கேள்வி: "பூசையில இனி யார் பெயர் சொல்லுவாங்க?" இந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து கேட்டது பிரான்சிஸ் என்ற ஒரே பெயர். திருத்தந்தை என்றாலே பிரான்சிஸ், அது ஒரு பதவி என்றே தெரியாது. கொஞ்ச நாள் அந்த இடத்தில் பெயரே வராது என்றதும் அவர்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

மே 8இல் புதியவர் வந்துவிட்டார், பதினான்காம் லியோ. நேற்று மூத்த உபதேசியார் (கோவிலில் மறைக்கல்வி சொல்லித்தருபவர்) எட்டிப் பார்த்து, "லியோ என்ன லியோ, சிங்கராயர் என்று சொல்லுங்கள்" என்றார். பழைய நூல்களில் அப்படித்தான்: லியோ சிங்கராயர், பயஸ் பத்திநாதர், பெனடிக்ட் ஆசீர்வாதப்பர், பேதுரு இராயப்பர், பவுல் சின்னப்பர். சொல்லும்போதே அர்த்தமும் வந்துவிடும், தனியாக விளக்க வேண்டாம். வகுப்பில் ஒரு பையனின் தாத்தா பெயர் சிங்கராயர். அன்று முழுக்க அவன் நடையே மாறிவிட்டது.

பெயர்களை இப்படிச் செய்துவைத்த பழைய ஆட்கள் "பிரியதத்தத்தினாலே"வையும் செய்தார்கள் என்பதுதான் வேடிக்கை. எல்லாம் எல்லா நாளும் சரியாக அமையாது.

2025 மே 22

கேள்வி கேட்ட அம்மா ரொம்ப நாள் கழித்து வந்திருக்கிறார். மகள் இப்போது நன்னெறி வகுப்புக்குத்தான் போகிறாளாம். ஆனால் பக்கத்து வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டதும், சாப்பிடுமுன் கையைக் கூப்பி அவர் பெயரைச் சொன்னாளாம். "செபம் எதுவும் சொல்லவில்லை, பெயரை மட்டும் சொன்னாள். இதுவும் உங்கள் பாடத்திட்டமா?" என்று கேட்டிருக்கிறார். பாடத்திட்டத்தில் இல்லை. அக்டோபர் 3ஆம் தேதிக் குறிப்பில் இருக்கிறது.

அவர் இன்னொன்றும் கேட்டார்: இத்தனை எழுதினீர்களே, வகுப்பில் எதையாவது மாற்றினீர்களா?

மாற்றினேன். புதுநன்மைக்கு முன் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்துச் செபத்தைச் சொல்லச் சொல்கிறேன், மெதுவாக. நடுவில் ஒரே ஒரு சொல்லை மட்டும் நிறுத்திக் கேட்கிறேன். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் ஆகிறது, மற்றவர்கள் அதற்குள் வகுப்பைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். "திருவுளம்" என்பதைத் "திருக்குளம்" என்று நாலு பேர் சொல்கிறார்கள். "உமது திருக்குளம் விண்ணுலகில் நிறைவேறுவது போல." "நிறைவது போல" என்று ஒருத்தி தானாகவே திருத்தியும் வைத்திருக்கிறாள், குளம் என்றால் நிறையத்தானே வேண்டும் என்று.

ஆச்சிப் பெண்ணைப் போன வாரம் பார்த்தேன், தங்கையை அழைத்துப்போக வந்திருந்தாள். என் உயரம் வந்துவிட்டாள். கேட்டேன். முதலில் வெட்கப்பட்டாள். பிறகு சொன்னாள்: "வெளியில ஆட்சின்னுதான் சொல்லுவேன் டீச்சர். மனசுக்குள்ள இன்னும் ஆச்சிதான்."

அவள் தங்கை இப்போது என் வகுப்பில். இன்னும் ஏழு பேர் பாக்கி, அவர்களில் இவளும் ஒருத்தி. நாளை முதல் பாடவேளையில் இவளைக் கூப்பிட வேண்டும்.